ஆயிரத்துப் பத்து

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது தெரிந்தவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு ஆஸ்பத்திரில ரத்தம் பாக்குது" என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் நான் அதிகம் பார்த்தது சிறுநீர்தான். காலை எட்டு மணிக்குள் மேசையில் முப்பது நாற்பது பாட்டில்கள் சேர்ந்துவிடும். பிராந்தி பாட்டில், டானிக் பாட்டில், இங்க் பாட்டில் என்று வீட்டில் கிடைத்ததில் கொண்டுவருவார்கள்.

ஒவ்வொன்றிலும் சர்க்கரை, ஆல்புமின் என்ற புரதம், அடர்த்தி என்று வரிசையாகப் பார்ப்பேன். அடர்த்தி பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். அடியில் பாதரசக் குமிழ், மேலே மெல்லிய தண்டு, தண்டுக்குள் அளவுக்கோடுகள் போட்ட காகிதம். சிறுநீரை உயரமான குழாயில் ஊற்றி மிதவையை உள்ளே விட்டு லேசாகச் சுழற்றிவிட வேண்டும். குழாயின் பக்கத்தில் ஒட்டாமல் அது நின்ற பிறகு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மிதவையைச் செய்தவர்கள் குளிர்ந்த ஊர்க்காரர்கள். நம்மூர் வெயிலுக்குக் கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும். அதற்கு ஒரு அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது.

சுத்தமான தண்ணீர் ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம் எடை. அதனால் தண்ணீருக்கு 1.000. சிறுநீரில் கழிவு கரைந்திருப்பதால் அது தண்ணீரைவிடச் சற்றே கனம். நல்ல சிறுநீரகம் உள்ளவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் 1.025, 1.030 வரை ஏறும். நிறையக் குடித்தால் 1.003க்கு இறங்கும். சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு இந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 1.010. ரத்தத்தில் உள்ள நீர் வடிகட்டப்பட்டு அப்படியே வெளியே வருகிறது என்று அர்த்தம். படிக்கும்போது இதை ஒரு வரியாக மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வர ஆரம்பித்தார்கள். அவருக்கு நாற்பது வயதிருக்கும். ரயில்வே யார்டில் வேகனில் நிலக்கரி ஏற்றி இறக்கும் வேலை. அகன்ற தோள்கள். இளவயதில் அந்தப் பக்கத்து டீமில் கோல் கீப்பராக இருந்தவர். காலையில் எழுந்தால் கண்ணுக்கடியில் வீங்கிக்கிடக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரியெல்லாம் உடம்பு அரிக்கிறது என்று வந்தார். அவர் மனைவி ஒடிசலாக இருப்பார், வாய் ஓயாமல் பேசுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

முதல் நாள் 1.010 என்று எழுதினேன். மறு வாரமும் 1.010. மூன்றாவது வாரம் டாக்டர் ஒரு சோதனை எழுதிக்கொடுத்தார். மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர், காப்பி, எதுவும் குடிக்கக் கூடாது. காலையில் முதல் சிறுநீரைக் கொண்டுவர வேண்டும். அவர் கொண்டுவந்தார். நான் மிதவையை விட்டேன். 1.010. மிதவையில் கோளாறா என்று காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது.

ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர், எவ்ளோ கீது?"

"அதே ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஒண்ணு பூஜ்யம்தாண்ணே."

"எவ்ளோ வரணும்?"

"கொஞ்சம் கூடணும். தண்ணி குடிக்காம இருந்தா கூடும். உங்களுக்குக் கூடல."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். பாட்டிலைக் கழுவிக்கொண்டே, எண் ஏறினால் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று அர்த்தம், ஏறாவிட்டால் செய்யவில்லை என்று பாடம்போல ஒப்பித்தேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். வேகன் எண்களைப் பார்த்துப் பழகியவர், எண்ணென்றால் அவருக்கு மரியாதை. வாங்கிய சீட்டுகளையெல்லாம் மடக்கி ஒரு சிகரெட் டப்பாவில் வைத்திருந்தார்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது உதடு வெடித்திருந்தது. சித்திரை வெயில். ஒன்றரை நாளாகத் தண்ணீரே குடிக்கவில்லை என்றார்.

"யார் உங்கள அப்படிச் செய்யச் சொன்னது?"

"நீதான சிஸ்டர் சொன்ன, குடிக்காம கெடந்தா ஏறும்னு. ஒரு ராவு பத்தல போலக்கீதுன்னு சேத்துக் கெடந்தேன்."

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொன்னா கேக்கமாட்டுது சிஸ்டர். டம்ளர வாயிகிட்ட கொண்டுபோனா மூஞ்சத் திருப்பிக்குது. கோலு வுடாம நிக்கறாப்பல நிக்குது."

அன்றைக்கு மிதவையை மூன்று முறை விட்டுப் பார்த்தேன். 1.012 என்று எழுதினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. எழுதவில்லை. 1.010 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் கண்ணெதிரே குடிக்கச் சொன்னேன். அவர் முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டுச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: ரத்தத்தில் யூரியா ஏறிக்கொண்டே போகிறது, செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உப்பும் கறியும் பருப்பும் நிறுத்தலாம், ஓய்வெடுக்கலாம், அவ்வளவுதான். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் எங்கோ பெரிய இடங்களில் இருப்பதாகக் கேள்வி. அது எங்களுக்கும் எங்களிடம் வருகிறவர்களுக்கும் எட்டாத விஷயம்.

அந்த டாக்டர் அந்த மாதத்தோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். நல்லவர், எந்த நோயாளியிடமும் முகம் சுளிக்க மாட்டார். வந்ததும் லேப் சீட்டுகளைப் பார்த்தார். உலகமே புதிய அளவுகளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது, நாம் மட்டும் ஏன் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். அடர்த்தியை இனிமேல் மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதக் கூடாது, கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்றுதான் எழுத வேண்டும். ஒரு காகிதத்தை எடுத்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கன மீட்டரில் பத்து லட்சம் மில்லிலிட்டர். ஒரு கிலோவில் ஆயிரம் கிராம். பத்து லட்சத்தை ஆயிரத்தால் வகுத்தால் ஆயிரம். ஆக, பழைய எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் போதும்.

"புள்ளியை எடுத்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான். 1.010 என்பது 1010. தவறு வராது" என்றார்.

"கொஞ்ச நாளைக்கு ரெண்டையும் எழுதட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு எண் இருந்தால்தான் குழப்பம்" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. புதிய சீட்டுகள் ஆவணி முதல் வாரம்தான் அச்சாகி வந்தன.

புதிய சீட்டு வந்த முதல் வாரம் ஜன்னலில் ஏகப்பட்ட கூட்டம். எல்லோருக்கும் எல்லாமே மாறியிருந்தது. ஒன்பது என்றிருந்த ரத்த அளவு தொண்ணூறாகியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் சொல்வார்" என்றேன். வியாசர்பாடிக்காரர் அன்றைக்கு வரவில்லை. மனைவி மட்டும் பாட்டிலோடு வந்திருந்தார். நான் பார்த்து எழுதி, சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். எழுத்துப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். பார்த்தபடியே நின்றார்.

"சிஸ்டர், இது எங்க வூட்டுக்காரருதா?"

"ஆமாக்கா."

"ஆயிரத்தி பத்தா போட்டுகீது?"

"ஆமா."

அவர் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஏறிடிச்சி" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு மாசமா ஒண்ணுலயே நின்னுகினு இருந்திச்சிம்மா. இன்னிக்கு ஆயிரம் வந்துகீது" என்றார். எனக்கு என்ன சொல்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்தபோது என் கையில் வேறொருவர் பாட்டில் இருந்தது, பின்னால் இருபது பேர் நின்றார்கள். "அக்கா, இருங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. டாக்டர் சீட்டைப் பார்த்து, மாற்றம் இல்லை, அதே மருந்தைத் தொடரட்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அதே மருந்து என்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்.

மறு வாரம் இருவருமே வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ரிஜிஸ்தரில் இருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வியாசர்பாடிக்குப் போனேன். அப்பாவிடம் தோழி வீட்டுக்கு என்று சொன்னேன்.

இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. மாடிப்படியிலேயே கறிக்குழம்பு வாசனை வந்தது. அவர் பனியனோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் சோறு, கறி, ஓரத்தில் வறுத்த கருவாடு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வா சிஸ்டர், வா. உன்னாலதான் எல்லாம். இத்தினி மாசமா உப்பில்லாக் கஞ்சி துன்னு துன்னு அதுக்கு நாக்கே செத்துப்பூடிச்சி. ஆயிரம் வந்தன்னிக்கே சொல்லிட்டேன், இனிமே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கறிதான்னு. ஒக்காரு, நீயும் ரெண்டு வாய் துன்னு."

அவர் சிரித்தார். "மூணு நாளா வேலைக்குப் போய்கினு கீறேன் சிஸ்டர். மொத நாளு கொஞ்சம் மூச்சு வாங்கிச்சி. இப்போ பரவால்ல." கண்ணுக்கடியில் வீக்கம் முன்பைவிட அதிகமாக இருந்தது. கணுக்காலும் வீங்கியிருந்தது.

எனக்குத் தட்டு வைத்தார்கள். நான் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் பரிமாறியபடியே பேசிக்கொண்டிருந்தார்: மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டது, எதிர்வீட்டுக்காரி நம்பவில்லை என்று சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியது. கையில் சோற்றை வைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டினேன்.

கிளம்பும்போது அவர் பஸ் ஸ்டாப் வரை வருகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டார். மைதானத்தில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரமாக நடந்தோம். படி இறங்கியதிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. ஒரு சிமெண்டுக் குழாய்மேல் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, அந்த ஆயிரத்துப் பத்து புது எண் இல்லண்ணே. பழைய ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஒண்ணு பூஜ்யம்தான் அது."

"அதெப்படி சிஸ்டர்? ஒண்ணு எங்க, ஆயிரம் எங்க?"

"முன்னால ஊசி மருந்து அளவுக்குத் துளியூண்டு எடுத்தா எத்தன கிராம் இருக்கும்னு எழுதினோம். இப்போ நீளம், அகலம், ஒசரம் எல்லாம் ஒரு மீட்டர் வெச்சு ஒரு பெட்டி செஞ்சு, அதுல ரொப்பினா எத்தன கிலோ இருக்கும்னு எழுதறோம். அதுல நல்ல தண்ணி ரொப்பினாலே ஆயிரம் கிலோ வரும்."

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். நான் இன்னொரு உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

"கூடைக் கணக்க வுட்டுட்டு வேகன் கணக்குல எழுதிக்கிறீங்க" என்றார்.

"ஆமாண்ணே."

"கரி அதே கரிதான்."

"ஆமா."

ஒரு பந்து எங்கள் பக்கமாக உருண்டு வந்தது. அவர் உட்கார்ந்தபடியே காலால் அதை நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

"எனக்கே ஒரு மாதிரியாத்தான் கீது சிஸ்டர். கரி ஏத்தும்போது கண்ணு இருட்டுது. நம்பரு ஏறிடிச்சி, ஒடம்பு இன்னும் ஏறலன்னு நெனச்சிகினேன்." பிறகு சொன்னார்: "அதுகிட்ட சொல்லிடாத."

"அண்ணே, கறி, உப்பு எல்லாம்..."

"நிறுத்திக்கிறேன். வயிறு சரியில்லன்னு எதுனா சொல்லி நிறுத்திக்கிறேன். நம்பரு விசயம் மட்டும் சொல்லாத. ஆறு மாசமா அது சிரிச்சி நான் பாக்கல."

சரி என்றேன். பஸ் வந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் இருவரும் தவறாமல் வந்தார்கள். நான் 1010 என்று எழுதிக் கொடுப்பேன். அந்த அம்மாள் வாங்கிப் பார்த்து, "ஆயிரத்துல அப்டியே நிக்குது பாரு, எறங்கல" என்று அவரிடம் காட்டுவார். அவர் "ஆமா, ஷோக்கா கீது" என்பார். என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார். யூரியா எண்ணை அந்த அம்மாள் கவனிப்பதில்லை. அது ஏறிக்கொண்டிருந்தது. புது டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. இனிமேல் பழைய எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொடுங்கள் என்றார். எழுதினேன், அந்த ஒருவர் சீட்டில் தவிர.

அவர் வேலைக்குக் கிளம்புவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்பதால் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி, யார்டு ஓரத்தில் கூட்டாளிகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் திரும்பியிருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. ஐப்பசி மழையில் ஒரு நாள் ரிக்ஷாவில் கொண்டுவந்தார்கள். விக்கல் நிற்கவில்லை. மூச்சில் அமோனியா நாற்றம். ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் போட்டார்கள். சிறுநீர் கொஞ்சமே வந்தது. அதையும் எனக்கு அனுப்பினார்கள். மிதவையை விடக்கூடப் போதாமல் இருந்தது. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, நான் மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, வார்டு ஆயா வந்து சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாள் லேபுக்கு வந்தார். கூட்டம் கலைந்த நேரம். ஜன்னலில் நிற்காமல் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மடியிலிருந்து சிகரெட் டப்பாவை எடுத்து, சீட்டுகளை மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். பழையவை ஒரு பக்கம், புதியவை ஒரு பக்கம். வாய் ஓயாமல் பேசுகிறவர், அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பேசினார்.

"நான் ஒண்ணு கேக்கறேன் சிஸ்டர். நெசத்தச் சொல்லணும். ஆயிரம் வந்த ஆளுதான இது?"

நான் குனிந்து சீட்டுகளைப் பார்த்தேன்.

"கருவாடு போட்டேனே, அதாலயா? உப்பு ஆவாதுன்னு டாக்டரு படிச்சிப் படிச்சி சொன்னாரு. நல்லா ஆய்ட்ட ஆளுதானேன்னு நான் போட்டேன். மூணு ஞாயிறு போட்டேன். அப்பறம்தான் வயிறு சரியில்லன்னு அது துன்னறத வுட்டிச்சி. எங் கையாலதான் கெட்டுப்பூடிச்சா?"

ஒரு மாதமாக அந்த அம்மாள் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். இதை மட்டுமாவது இறக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் கணவருக்குக் கொடுத்த வாக்கு அவரோடு போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய சீட்டு ஒன்றையும் புதிய சீட்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே எண் என்று சொன்னேன். கூடைக் கணக்கையும் வேகன் கணக்கையும் சொன்னேன். ஏறவே இல்லை, அதனால் நீங்கள் இறக்கவும் இல்லை என்றேன். கருவாடு இல்லாமல் இருந்தாலும் அதே மாதம்தான், மிஞ்சிப்போனால் அடுத்த மாதம் என்றேன்.

அவர் இரண்டு சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததா என்று நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று நம்பி ஆரம்பித்துவிட்டேன். அதே வேகத்தில் போய்விட்டேன்.

"தெரியும்க்கா. நான் உங்க வீட்டுக்கு வந்தன்னிக்கே தெரியும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவர்தான் சொன்னாரு."

அவர் அழவில்லை. முந்தானையால் மேசையில் இல்லாத எதையோ துடைத்தார்.

"ரெண்டு மாசம்" என்றார். "ரெண்டு மாசம் பல்ல இளிச்சிகினு திரிஞ்சேனே சிஸ்டர். அது எதிர்க்க ஒக்காந்து என்னியப் பாத்துகினு இருந்திச்சே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூட ஒக்காந்து அழுதிருப்பேன். தனியா வுட்டுட்டேனே."

நான் எழுந்து அவர் தோளில் கை வைத்தேன். அவர் அதை விலக்கவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை. பிறகு எழுந்து போனார். சீட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை. படி வரைக்கும் போய்க் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வருடம் அவரை மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கும் கொட்டகை வாசலில் பார்த்தேன். மற்ற பெண்களோடு ஈரப் புடவையுடன் வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நான் அருகில் போனேன். "நல்லா கீறியா சிஸ்டர்?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். அவரை நான் எதுவும் கேட்கவில்லை. கதவு திறந்ததும் மற்றவர்களோடு உள்ளே போய்விட்டார்.